தலைகீழாக நின்ற ஐஸ்பெட்டி

புங்குடுதீவில் இறங்கி ஆழ்வாப்பிள்ளை வீடு எது என்று கேட்டால், "எந்த ஆழ்வாப்பிள்ளை?" என்று திருப்பிக் கேட்பார்கள். "ஐஸ்பெட்டி ஆழ்வாப்பிள்ளை" என்று சொன்னால், கேட்டவரை வாசல் படலை வரைக்கும் கூட்டிக்கொண்டுபோய் விடுவார்கள். பண்டாரவளையில் இருபத்தாறு வருடம் சில்லறைக்கடை வைத்திருந்த மனுசன், ஐம்பத்தெட்டாம் ஆண்டுக் கலவரத்தோடு கடை போதும் என்று ஊருக்குத் திரும்பியபோது, பிரம்புக் கதிரை இரண்டு, தராசு ஒன்று, மண்ணெண்ணெயில் ஓடும் ஐஸ்பெட்டி ஒன்று, இவ்வளவையும் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். சீமைக்குத் திரும்பிப்போன தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவரிடம் வாங்கிய பெட்டி அது. கரண்ட் வேண்டாம். அடியில் இருக்கும் தாங்கியில் எண்ணெய் விட்டு விளக்கைக் கொளுத்திவிட்டால் மேலே தண்ணீர் உறைந்துவிடும். நெருப்பு வைத்து ஐஸ் எடுக்கிற அந்த வித்தையைப் பார்க்க ஊரின் மற்றத் தொங்கலிலிருந்தும் ஆட்கள் நடந்து வந்தார்கள்.

வந்தவர்கள் ஐஸை மட்டும் பார்த்துவிட்டுப் போகவில்லை. பெட்டி வைத்திருக்கிறவருக்கு மற்றதுகளும் தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. காணி உறுதியில் ஒரு சந்தேகமா, பெட்ரோமக்ஸ் புகைக்கிறதா, தையல் மெசின் நூலை அறுக்கிறதா, எல்லாவற்றுக்கும் "ஆழ்வாப்பிள்ளை அண்ணையை ஒருக்காக் கேட்டுப்போட்டுச் செய்வம்" என்பார்கள். அவரும் பிரம்புக் கதிரையில் சாய்ந்து யோசனை சொல்லுவார். சொன்ன யோசனையில் பாதி பிழையாகிவிடும். பெட்ரோமக்ஸ் முன்னையிலும் பார்க்கக் கூடப் புகைக்கும். ஆனால் கேட்க வேறு ஆள் இல்லாத ஊரில் அது ஒரு குறையே இல்லை.

அறுபத்திரண்டில் இராசநாயகம் வந்து சேர்ந்தான். திருகோணமலைத் துறைமுகத்தில் வெள்ளைக்காரனிடம் மெசின் வேலை பழகியவன். வெள்ளைக்காரன் போக, இவன் அங்கே இங்கே திரிந்துவிட்டு ஊருக்கு வந்து, சந்தி வாகை மரத்தின் கீழ் ஒரு சைக்கிள் கடை போட்டான். கடை என்று சொன்னாலும் நாலு மரக் கப்பும் மேலே ஓலைக் கிடுகும்தான். ஆனால் ஆறு மாதத்துக்குள் ஊர்க் கேள்விகள் எல்லாம் பிரம்புக் கதிரையை விட்டு வாகை மரத்துக்குப் போய்விட்டன. ஆனைக்கொரு காலம் வந்தால் பூனைக்கொரு காலம் வரும் என்று ஆழ்வாப்பிள்ளை மனைவி இலட்சுமிப்பிள்ளையிடம் சொன்னார். யார் ஆனை யார் பூனை என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே அவருக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது.

இராசநாயகத்தின் வழக்கம் ஒரு புதினம். சைக்கிளைத் தவிர வேறு எந்தப் பொருளிலும் கை வைக்கமாட்டான். றேடியோ பாடவில்லை என்று வந்தால், அவன் திரும்பிக் கேள்வி கேட்பான். எப்போது பாடாமல் விட்டது? மழைக்கு முந்தியா பிந்தியா? பற்றரியை நாக்கில் வைத்துப் பார்த்தீரா? வந்தவன் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டு வர, பாதி வழியிலேயே பிழை எங்கே என்று அவனுக்கே தெரிந்துவிடும். "உம்மடை கையாலை செய்யும். அடுத்தமுறை என்னட்டை வரத் தேவையில்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவான். வரத் தேவையில்லை என்று சொல்லுகிறவனிடம்தான் ஊர் திரும்பத் திரும்பப் போனது. வாருங்கள் வாருங்கள் என்று கதிரை போட்டு வைத்திருந்தவரிடம் ஒரு காகமும் வரவில்லை.

அந்தக் கடையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. தன்னுடைய பொருள் பழுதாகிவிட்டது என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். பழுதான பொருள் வைத்திருப்பது ஏதோ வீட்டில் குறை இருப்பது மாதிரி. அதனால் எல்லாரும் வேறு யாருக்கோதான் கேட்பார்கள். மாமன் முறையான ஒருவருக்கு, அனலைதீவில் இருக்கும் ஒரு சிநேகிதனுக்கு. யார் அந்த மாமன் என்று இராசநாயகம் ஒரு நாளும் கேட்டதில்லை.

இவ்வளவு காய்மகார எரிச்சலுக்கும் நடுவில் ஆழ்வாப்பிள்ளைக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. இராசநாயகத்தின் மனைவி இராசேஸ்வரிக்குச் சலரோகம், சீனி வருத்தம். தினமும் ஊசி போட வேண்டும், மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும் என்று யாழ்ப்பாணத்து டொக்டர் சொல்லிவிட்டார். அன்று பின்னேரம் இராசநாயகம் படலையைத் திறந்துகொண்டு வந்து, சால்வையைக் கையில் எடுத்துப் பிடித்துக்கொண்டு, "அண்ணை, ஒரு உதவி" என்றான். ஊர் முழுவதற்கும் புத்தி சொல்லுகிற வாய், தன் முற்றத்தில் நின்று உதவி கேட்ட அந்த நிமிடம், ஆழ்வாப்பிள்ளைக்குத் தன் கலியாண நாளிலும் வராத சந்தோசம் வந்தது. "அதுக்கென்ன தம்பி, கொண்டுவாரும்" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் இராசேஸ்வரி வருவாள். சின்ன மட்டைப் பெட்டிக்குள் இருக்கும் மருந்துப் போத்தலை எடுத்துப் போவாள். ஊசி போட்டதும் திரும்பக் கொண்டுவந்து வைப்பாள். நாளுக்கு இரண்டு தரம் அந்த வீடு தன்னிடம் கை நீட்டுகிறது என்பதை ஆழ்வாப்பிள்ளை எண்ணி வைத்திருந்தார். வாகை மரத்தடியில் சிரிப்புச் சத்தம் கேட்கும் நேரமெல்லாம், "சிரி, சிரி, உன்ரை மனுசியின்ரை மருந்து என்ரை பெட்டிக்குள்ளைதான்" என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வார்.

அறுபத்தாறு வைகாசியில் சைக்கிள் கடைக்கு ஒரு றேடியோ வந்தது. யாரோ இரும்புக்குப் போட இருந்ததை, சொந்தக்காரனைக் கொண்டே திருத்த வைத்தான் இராசநாயகம். சந்தோசத்தில் சொந்தக்காரன் அதைக் கடைக்கே கொடுத்துவிட்டான். பின்னேரமானால் வாகை மரத்தடியில் செய்தி கேட்க முப்பது பேர். ஆழ்வாப்பிள்ளை நாலு நாள் பொறுத்தார். ஐந்தாம் நாள் கூலிக்கு இரண்டு ஆட்களைப் பிடித்து, உள்ளறையில் எட்டு வருடம் அசையாமல் நின்ற ஐஸ்பெட்டியைத் தூக்கி, றோட்டால் போகிறவர்களுக்குத் தெரியக்கூடியதாக முன் விறாந்தையில் வைத்தார்.

"வீட்டுக்குள்ளை இருந்த சாமானை ஏன் வெளியிலை கொண்டுவாறியள்?" என்று இலட்சுமிப்பிள்ளை கேட்டாள்.

"காத்துப் படட்டும் எண்டுதான்."

"ஐஸ்பெட்டிக்கு என்ன காத்து?"

மூன்று நாள் பெட்டி விறாந்தையில் அழகாக நின்றது. நாலாம் நாள் தண்ணீர் உறையவில்லை. விளக்கு எரிந்தது, திரி நீலமாக நின்றது, தாங்கியில் எண்ணெய் இருந்தது, ஆனால் கதவைத் திறந்தால் அலுமாரியைத் திறந்த மாதிரி இருந்தது. அடுத்த நாள் காலை இராசேஸ்வரி வந்து போத்தலை எடுத்தாள். எடுத்தபோது ஒரு கணம் தயங்கின மாதிரி ஆழ்வாப்பிள்ளைக்குப் பட்டது. வழமைபோலக் கொண்டுபோனாள். திரும்பக் கொண்டுவந்து வைத்தாள்.

"அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லுங்கோ" என்றாள் இலட்சுமிப்பிள்ளை. "மருந்து பழுதாப்போனால் பழி எங்களுக்கு."

சொல்லலாம். சொன்னால் போத்தல் போய்விடும். போத்தல் போனால் இராசநாயகத்துக்கு இந்த வீட்டுப் படலையில் என்ன வேலை? ஆழ்வாப்பிள்ளையால் அதைத் தாங்க முடியவில்லை. ஆனால் ஒருத்தியின் உயிர் மருந்தைச் சூட்டில் கிடக்க விடுகிற அளவுக்குக் கெட்டவரும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தார். குறிகட்டுவான் துறைக்கு விடியப்புறம் மீன் லொறி வரும். லொறியில் மரத்தூளுக்குள் ஐஸ்கட்டி வரும். அடுத்த நாள் ஐந்து மணிக்கு எழும்பி, சைக்கிளில் சாக்கைக் கட்டிக்கொண்டு மூன்று மைல் மிதித்துப் போய், மீன் வியாபாரி பஸ்ரியாம்பிள்ளையிடம் ஒரு கட்டி ஐஸ் கேட்டார்.

"உங்களிட்டைப் பெட்டி இருக்கு. என்னட்டையோ ஐஸ் கேக்கிறியள்?" என்றார் பஸ்ரியாம்பிள்ளை.

"விசேசம் ஒண்டு இருக்கு. கொஞ்சம் கூடத் தேவைப்படுது."

அந்த விசேசம் அன்றோடு முடியவில்லை. அறுபது வயதில், சோளகக் காற்றுக்கு எதிரே, முழங்கால் முறியச் சைக்கிள் மிதித்துக்கொண்டு போனார் தினமும். கொண்டுவந்த ஐஸைத் தாச்சிச் சட்டியில் போட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, கீழே விளக்கையும் கொளுத்திவிடுவார், றோட்டால் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று. கீழே விளக்குச் சூடும் மேலே மீன் ஐஸும். காய்ச்சல்காரருக்கு ஐஸ் கேட்டு வந்தவர்களிடம் "இப்பத்தான் முடிஞ்சுது" என்றார். "வெள்ளிக்கிழமையிலை வீடு மீன்வாடி மாதிரி நாறுது" என்று இலட்சுமிப்பிள்ளை மூக்கைப் பொத்தினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

ஒரு கிழமை போனபின், வேறு வழியில்லாமல், வாகை மரத்தடிக்குப் போனார். நாலு வருடத்தில் அந்தக் கடைக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தரம். றேடியோவைச் சுற்றி ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். இராசநாயகம் எழும்பி மர வாங்கைத் துடைத்துவிட்டு, "இருங்கோ அண்ணை" என்றான். அவர் இருக்கவில்லை.

"எனக்கில்லை. நயினாதீவிலை ஒரு சிநேகிதன். அவன்ரை ஐஸ்பெட்டி குளிருதில்லையாம். விளக்கு நல்லா எரியுதாம்."

"நயினாதீவிலை ஐஸ்பெட்டி இருக்கோ?" என்று ஒருவன் ஆச்சரியப்பட்டான். இராசநாயகம் அவனைப் பார்த்த பார்வையில் அவன் றேடியோப் பக்கம் திரும்பிவிட்டான்.

"அவர் கிட்டடியிலை பெட்டியை இடம் மாத்தினவரோ அண்ணை?"

"இல்லை. அசைக்கவே இல்லை."

இராசநாயகம் கையில் இருந்த சைக்கிள் சில்லைச் சுற்றிவிட்டு, அது நிற்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "அப்ப இப்பிடிச் செய்யச் சொல்லுங்கோ. விளக்கையும் தாங்கியையும் கழட்டிப்போட்டு, பெட்டியைத் தலைகீழா ஒரு நாள் நிப்பாட்டட்டும். அடுத்த நாள் நிமித்தி, சமமான நிலத்திலை வைக்கட்டும். மேலை ஒரு கோப்பையிலை தண்ணி வைச்சுப் பாத்தால் சரிவு தெரியும். மழைத்தண்ணி ஓட வாட்டம் விட்ட நிலம் எண்டால் குளிராது. விறாந்தை மாதிரி."

தலைகீழாக என்றதும் வாங்கில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். விறாந்தை என்றது ஆழ்வாப்பிள்ளையின் நெஞ்சில் நேரே போய்க் குத்தியது. பண்டாரவளையில் பெட்டியை ஏற்றியபோது துரையின் ஆள் என்ன சொன்னான்? நிமிர்த்தியே கொண்டுபோ, சரிக்காதே என்றல்லவா சொன்னான்! இவன் தலைகீழாக நிறுத்தட்டாம். ஊர் முன்னால் தன்னைக் கோமாளியாக்கப் பார்க்கிறான் என்று அவருக்குத் தீர்மானமாகத் தெரிந்துவிட்டது.

"உமக்குத் தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லும். சிநேகிதனைப் பகிடி பண்ணத் தேவையில்லை" என்று சொல்லிவிட்டு நடந்தார். வீட்டுக்கு வந்து திரியை மாற்றினார். புகைக்குழாயைத் தேங்காய்த் தும்பால் தேய்த்தார். கொழும்புக் கொம்பனிக்கு இங்கிலீசில் கடிதம் எழுதுவித்தார். பதில் வரவில்லை. தலைகீழாக மட்டும் நிறுத்தவில்லை. அந்த ஒன்றைச் செய்து, அது சரிவந்தும் விட்டால், பிறகு எந்த முகத்தோடு அந்தச் சந்தியால் போவது?

இருபத்திரண்டாம் நாள் சோளகம் முற்றிக் கடல் கொந்தளித்தது. வள்ளங்கள் போகவில்லை, மீன் இல்லை, லொறி வரவில்லை. பஸ்ரியாம்பிள்ளை கையை விரித்தார். வெறும் சாக்கோடு வந்த ஆழ்வாப்பிள்ளை விறாந்தையில் குந்திக்கொண்டு பெட்டியைப் பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மருந்து சூடாகிக்கொண்டிருந்தது. எழும்பி ஒரு கோப்பையில் தண்ணீர் எடுத்துப் பெட்டியின் மேல் வைத்தார். தண்ணீர் முற்றத்துப் பக்கம் அரை விரல் சாய்ந்து நின்றது.

"இலட்சுமி, சாமானை எல்லாம் வெளியிலை எடு. இதைத் தலைகீழா நிப்பாட்டப் போறன்" என்றார். அவள் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வந்தாள்.

தாச்சியை எடுத்தார்கள். அதன் கீழே மருந்தின் மட்டைப் பெட்டி, உருகின ஐஸ் தண்ணீரில் ஊறி, எடுத்த கையோடு பிய்ந்துபோனது. உள்ளே இருந்த போத்தல் அவர் உள்ளங்கையில் இருந்தது. இவ்வளவு நாளும் மட்டைப் பெட்டியோடு வந்து மட்டைப் பெட்டியோடு போனதால், அந்தப் போத்தலை அவர் கண்ணால் கண்டதில்லை. கழுத்து வரைக்கும் நிறைந்திருந்தது. ஒரு போத்தல் இருபது நாளுக்குத்தான் வரும், முடிந்ததும் யாழ்ப்பாணம் போகவேணும் என்று இராசேஸ்வரி இலட்சுமிப்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். இருபத்திரண்டு நாளாக அவள் யாழ்ப்பாணம் போகவில்லை. தினமும் ஊசி போட்ட மருந்து ஒரு துளியும் குறையாமல் இருக்குமா?

"மருந்து பால் மாதிரிக் கலங்கலா இருக்கும் எண்டு அவள் சொன்னவள்" என்றாள் இலட்சுமிப்பிள்ளை, எட்டிப் பார்த்து. போத்தலில் இருந்தது கிணற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது.

போத்தலைப் பொத்திப் பிடித்துக்கொண்டு ஒழுங்கையால் நடந்தார். இராசநாயகம் வீட்டுக் குசினி மூலையில், பெரிய மண்பானைக்குள் ஒரு சின்னப் பானை இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஈரமணல், மேலே நனைத்த சாக்கு. இராசேஸ்வரி சாக்கை நனைத்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் கையில் இருந்த செம்பைக் கீழே வைத்தாள். பின்னால் இருந்து இராசநாயகம் வந்தான்.

"எப்ப இருந்து?" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

"முதல் நாளே அண்ணை. போத்தல் குளிரேல்லை எண்டு இவள் சொன்னவள். அண்டைக்கே மருந்தை இந்தப் பானைக்குள்ளை மாத்தினம்."

"அப்ப இது?"

"பழைய வெறும் போத்தல். உள்ளை கொதிச்சாறின தண்ணி." அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நாங்கள் வராமல் விட்டால் உங்களுக்கு மனம் நோகும். ஊரும் கேக்கும். அதுதான் இவளை வழமைபோலை போய் வரச் சொன்னனான்."

"நான் ஐஸ் வைச்சனான். ஒவ்வொரு நாளும். குறிகட்டுவானுக்குப் போய்."

"தெரியும் அண்ணை. பஸ்ரியாம்பிள்ளை அண்ணை சொன்னவர்." இராசநாயகம் பானைச் சாக்கை இழுத்து மூடினான். "ஆனால் மீன் லொறியை நம்பி மருந்து வைக்கேலாது. உங்களுக்குச் சொல்லவும் வாய் வரேல்லை."

இருபத்தொரு நாள். விடியப்புறம் மூன்று மைல் போக, மூன்று மைல் வர. கொதித்தாறிய கிணற்றுத் தண்ணீருக்கு ஐஸ் சுமந்திருக்கிறார். ஆழ்வாப்பிள்ளைக்கு வெட்கம் வந்தது, அழுகையும் வரப்பார்த்தது. ஆனால் அவற்றுக்கு மேலே, வயிற்றுக்குள், பழைய நெருப்பே திரும்பவும் பற்றியது. ஊர் இவனைத்தான் கேட்கிறது, சரி. இவன் சொன்னதுதான் சரிவருகிறது, அதுவும் சரி. ஒரு மனுசனின் மானத்தைக் காப்பாற்றுகிற காரியத்திலுமா இவன் முந்திக்கொள்ள வேண்டும்? நல்லவனாக இருப்பதிலாவது தனக்கு ஒரு இடம் மிச்சம் விட்டிருக்கக் கூடாதா?

"இராசநாயகம், தலைகீழா நிப்பாட்ட வேண்டிய பெட்டி என்ரைதான்" என்றார். "நயினாதீவிலை ஒருத்தருமில்லை. எனக்குத்தான் கேட்டனான். தனியத் தூக்கேலாது."

இராசநாயகம் கடையில் இருந்த நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவன் பெட்டியில் கை வைக்கவில்லை. தாங்கியைக் கழற்றியதும் சாக்கை மடித்து நிலத்தில் போட்டதும் ஆழ்வாப்பிள்ளை தன் கையால். புரட்டும்போது உள்ளே ஏதோ குடுகுடு என்று ஓடுகிற சத்தம் கேட்டது. "அதுதான் அண்ணை, அது ஓடவேணும்" என்றான். அன்று முழுக்கப் பெட்டி கால் நாலும் மேலே இருக்க விறாந்தையில் நின்றது. ஊர் பார்க்கவேண்டும் என்றுதான் அங்கே வைத்தார். ஊர் பார்த்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் படலையில் நின்று தலையைச் சரித்துச் சரித்துப் பார்த்தார்கள்.

அடுத்த நாள் நிமிர்த்தி, உள்ளறையில் பழைய இடத்தில் வைத்து, கோப்பைத் தண்ணீர் சரியாமல் நிற்கிறதா என்று பார்த்து, விளக்கைக் கொளுத்தினார். மறுநாள் காலை தட்டில் பன்னிரண்டு கட்டி ஐஸ் இருந்தது. எட்டு மணிக்கு இராசேஸ்வரி புது மட்டைப் பெட்டியோடு வந்தாள். "இவர் இனி இஞ்சையே வைக்கச் சொன்னவர், அண்ணை" என்றாள். மண்பானையிலும் மருந்து நன்றாகத்தான் இருந்தது என்பது அங்கே நின்ற இலட்சுமிப்பிள்ளை உட்பட மூன்று பேருக்கும் தெரியும்.

அவள் போனதும் ஆழ்வாப்பிள்ளை பெட்டியைத் திறந்து போத்தலை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கலங்கலாக இருந்தது. மட்டத்தை நகத்தால் அளந்து வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பதினொரு வருடம் அவர் உயிரோடிருந்தார். அவ்வளவு காலமும் ஒவ்வொரு காலையும், இராசேஸ்வரி போத்தலைத் திரும்ப வைத்துவிட்டுப் போனதும், அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். நேற்றையிலும் பார்க்க மருந்து குறைந்திருந்தால்தான் அவருக்குத் தேத்தண்ணீர் தொண்டையால் இறங்கும்.